மூன்று தீவுக் கப்பலில் ஒரு பிடி அரிசி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்களைக் கழித்துவிட்டேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியல்தான். அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இது இன்னொருவர் பெருமாளுக்கு வைத்த வேண்டுதலைப் பற்றியது. ஒருவருடைய வேண்டுதலை மற்றொருவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது தப்பு என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது.

சமீபத்தில் எங்கள் தொழிலில் இருக்கும் இரண்டு பையன்கள் வந்தார்கள். வெளிநாட்டு டூர் போகும் நம் ஊர் ஜனங்களுக்குச் சமைத்துப் போட, கூடவே போகிற சமையல் மாஸ்டர்கள். "இப்ப எங்கள ஆரும் கூட்டிகினு போறதில்ல மாஸ்டர். பாக்கெட் குடுத்துடறாங்கோ. சுடுதண்ணி ஊத்துனா சாம்பார் சாதம். நீங்க போனப்போ எப்பிடி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க, வாட்ஸப்ல போடறோம்" என்றார்கள்.

எழுதினால் அந்தக் கப்பல் விஷயத்தை எழுதாமல் இருக்க முடியாது. அதனால் குருவிநத்தம் போய் சரோஜா அம்மாளிடம் அனுமதி கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எழுது தம்பி. எங்க வூட்டுக்காரரு மனசு நோவக் கூடாதுன்னு சக்கரை தடவி மட்டும் எழுதாத" என்றார். பக்கத்து அறையில் படுத்திருந்த அவர் வீட்டுக்காரர் பலராமன் ஐயா, "எனக்குக் காது கேக்குது" என்றார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

நான் தொழில் கற்ற கதை பெரிதில்லை. வில்லியனூரில் கல்யாணச் சமையலுக்கு வெங்காயம் உரித்தேன், பிறகு அண்டா கிண்டினேன், பிறகு கரண்டி பிடித்தேன். காசி யாத்திரை பஸ்களில் கேஸ் அடுப்போடு போனேன். அப்படி ஒரு பஸ்ஸில் என் வத்தக்குழம்பைச் சாப்பிட்ட சேவியர் சார்தான் என்னை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனவர்.

சேவியர் சார் வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் கிராமத்துக்காரர். டூர் மேனேஜர். கழுத்தில் ஜெபமாலை, கையில் மஞ்சள் ரிப்பன் கட்டிய குடை. வெயிலானாலும் மழையானாலும் அந்தக் குடை விரியாது. நாங்கள் பார்த்து நடப்பதற்குத்தான் அது. அவரோடு வேலை செய்கிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அவருடைய மரியாதையை அளப்பது. மனசு சாதாரணமாக இருந்தால், "ஏழுமல, இன்னாபா பண்ற" என்பார். கொஞ்சம் கோபம் வந்தால், "மாஸ்டர், இன்னா பண்றீங்க" ஆகிவிடும். "மாஸ்டர் அவர்களே, தாங்கள்" என்று ஆரம்பித்தால் தலைமறைவாகிவிட வேண்டும். என் முதல் பயணத்தில், பாரிஸ் ஓட்டல் ஒன்றில், காய்ந்த மிளகாயைத் தாளித்தேன். புகை மணி அடித்து, ஓட்டலில் தங்கியிருந்தவர்கள் எல்லாம் ராத்திரி உடுப்போடு விடிகாலைத் தெருவில் வந்து நின்றார்கள். அன்றைக்கு அவர் என்னிடம், "தாங்கள் இன்னும் தாளித்து முடிக்கவில்லையோ?" என்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு தாளிப்பை ஊரிலேயே தாளித்துவிடுவேன். கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் நல்லெண்ணெயில் பொரித்து, ஆறவைத்து, வாய் அகன்ற பாட்டிலில் ஊற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, வேட்டிக்குள் சுருட்டிப் பெட்டி நடுவில் வைத்துவிடுவேன். புளியைக் காய்ச்சி அல்வா பதத்துக்குச் சுண்டவைத்து எடுத்துப் போவேன். அரிசியை மட்டும் சுமக்க மாட்டேன். எந்தப் பெரிய ஊரிலும் வங்காளதேசத்துக்காரர் ஒருவர் கடை வைத்திருப்பார். ஓட்டல் சமையலறையை, அவர்கள் ஆட்கள் வருவதற்கு முன்பு, விடிவதற்குள் பயன்படுத்திவிட்டு, துடைத்து, வந்த சுவடு தெரியாமல் கொடுத்துவிட வேண்டும். குளிக்காமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டேன். முதல் கரண்டி பெருமாளுக்கு. அவருக்குக் காட்டுவதற்கு முன்னால் நானும் ருசி பார்க்க மாட்டேன், யாரையும் பார்க்க விடவும் மாட்டேன். உப்பெல்லாம் கைக்கணக்கு, மூக்குக்கணக்குதான். சேவியர் சார் வேறு சாமி கும்பிடுகிறவர். இருந்தாலும் அந்த முதல் கரண்டி எடுத்து வைக்கும் வரைக்கும் தட்டைத் தொட மாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பலராமன் ஐயாவுக்குப் பாகூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் நிறைய. குரல் பெரியது. வயலின் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் ஆள் வேலையை வேகப்படுத்துவான். சில வருடங்களுக்கு முன்பு சரோஜா அம்மாளுக்கு நெஞ்சில் ஆபரேஷன். டாக்டர்கள் கையை விரிக்காத குறை. அப்போது ஐயா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டார். 'இவள் பிழைத்தால், வருடா வருடம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, நாமம் போட்டு, வெறுங்காலோடு, சொம்பு ஏந்திப் பிச்சை எடுப்பேன். விழுகிற அரிசியைப் பொங்கி உனக்குப் படைப்பேன். அதை அவள் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன்.' அம்மாள் பிழைத்தார்.

அந்தப் பிச்சை எங்கள் பக்கம் பிரசித்தம். நான்தான் பொங்கல் வைக்கிறவன் என்பதால் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். முந்தின நாளே ஐயா வீட்டிலிருந்து நல்ல பச்சரிசி, படி படியாக, அவரிடம் வேலை செய்யும் ஆட்களின் வீடுகளுக்குப் போய்விடும். ரேஷன் அரிசியைப் போட்டுவிடப் போகிறார்களே என்ற முன்ஜாக்கிரதை. மறுநாள் மேளத்தோடு ஐயா கிளம்புவார். "கோவிந்தா!" என்று அவர் முதல் குரல் கொடுப்பதற்கு முன்பே வாசல்கள் திறந்திருக்கும். பெண்கள் தட்டில் கொண்டுவந்த அவர் அரிசியை அவர் சொம்பிலேயே போட்டுவிட்டு, அவர் காலையே தொட்டுக் கும்பிடுவார்கள். போட்டோ எடுக்க ஆள் உண்டு. இப்படியும் ஒருவர் பணிவாக இருக்க முடியுமா என்று ஊரே வியந்து பேசும்.

அந்த வருடம் அவர் மகன் டிக்கெட் போட்டு, அப்பா அம்மாவை எங்கள் ஐரோப்பா டூரில் அனுப்பிவைத்தார். இங்கிலீஷ் காலண்டர் பார்த்துப் போட்ட டிக்கெட். மூன்றாம் சனிக்கிழமை கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்தில் விழுந்தது. ஐயா அசரவில்லை. சொம்பும் திருமண்ணும் பெட்டியில் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "ஏழுமல, நம்ம ஆளுங்க தங்கியிருக்கிற ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு காயித டம்ளர்ல அரிசி குடுத்து வச்சிடு. காலைல நான் ரூம் ரூமா வந்து வாங்கிக்கிறேன்" என்றார். நானும் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குக் கப்பல் பயணம் போட்டிருந்தது. காலையில் கிளம்பி, ஹைட்ரா, போரோஸ், ஏஜினா என்ற மூன்று சின்னத் தீவுகளைக் காட்டிவிட்டு, விளக்கு வைத்த பிறகு கொண்டுவந்து விடுகிற பெரிய படகு. துறைமுகத்தில் ஏதோ வேலைநிறுத்தம், படகு போகவில்லை. சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே பஸ்.

பொழுது விடிந்த பிறகுதான் சொம்பு ஏந்தலாம். விளக்கு வைத்த பிறகு நம் ஜனங்கள் அரிசியை வெளியே கொடுக்க மாட்டார்கள். இடைப்பட்ட நேரம் முழுக்கக் கடலில்.

"நீங்களும் அம்மாவும் ஓட்டல்லயே இருந்துடுங்க ஐயா" என்றார் சேவியர் சார்.

"நான் கப்பல் பாக்கணும்" என்றார் சரோஜா அம்மாள். "செத்துப் பொழச்சதே அதுக்குத்தான்."

ஐயா கையை வீசினார். "தீவுன்னா வூடு இல்லாமலா இருக்கும்? வூடு இருந்தா அரிசி இருக்கும். நான் பாத்துக்கிறேன், நீ குடையப் புடி."

படகில் வெளிச் சாப்பாடு ஏற்றக்கூடாது என்பது சட்டம். அதனால் கப்பல் நாளில் எனக்கு ஓய்வு. காகித டம்ளர் அரிசியும் ஓட்டல் ரூம்களிலேயே நின்றுவிட்டது. ஊறுகாய் பாட்டிலும் பருப்புப்பொடியும் நெய்யும் மட்டும் தோள்பையில். புரட்டாசி மாதம் என்பதால் எங்கள் முப்பது பேருக்கும் கவுச்சி இல்லாத சாப்பாட்டுக்குச் சேவியர் சார் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

படகு கிளம்பி, வெயில் ஏறிய பிறகுதான் சரோஜா அம்மாள் என் காதில் சொன்னார். "தம்பி, பழக்க தோசம். காலைல சுகர் மாத்திரையப் போட்டுகினேன்."

"டிபன் சாப்ட்டீங்களா?"

"இன்னிக்கு எப்பிடிப்பா சாப்புடுவேன்? அவரு பிச்சை எடுத்துப் பொங்கணும், அத்தத்தான நான் சாப்புடணும்?"

மாத்திரை உள்ளே போயாகிவிட்டது. சோறு எப்போது என்பது பெருமாளுக்கே வெளிச்சம். சேவியர் சாரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நல்லது மாஸ்டர்" என்றார். மரியாதை ஒரு படி ஏறிவிட்டது.

ஹைட்ரா தீவு துறையைச் சுற்றி மலைமேல் வெள்ளை வெள்ளையாய் வீடுகள். வண்டி வாகனம் கிடையாது, கழுதைகள்தான் சுமை தூக்குகின்றன. அம்மாளைத் துறையில் நிழலில் உட்காரவைத்தோம். பன்னிரு நாமத்தோடு, பஞ்சகச்சம் கட்டி, வெறுங்காலோடு ஐயா முன்னே நடந்தார். பின்னால் சேவியர் சார், அதற்குப் பின்னால் நான். மேளம் இல்லை.

முதல் வீட்டு வாசலில் ஐயா நின்றார். தொண்டையைச் செருமினார். "கோவிந்தா" என்றார். வயலைத் தாண்டுகிற குரல், வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரு பூனை எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"கொஞ்சம் சத்தமா ஐயா" என்றேன்.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

இரண்டாவது வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். நாமத்தைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். கதவைச் சத்தமில்லாமல், கூடியவரை மரியாதையோடு, சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது வாசலில் ஒரு வயசானவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சேவியர் சார் இங்கிலீஷிலும் கையிலும் என்னவோ சொன்னார். பெரியவர் சொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியில் தட்டிப் பார்த்தார், பையிலிருந்து பர்ஸை எடுத்தார்.

"இன்னாபா சொல்றாரு?"

"சொம்பு இன்னா விலைன்னு கேக்குறாரு ஐயா."

ஐயா சொம்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த திருப்பத்தில் ஐயா மூச்சு வாங்க நின்றபோது, எங்கள் படகில் வந்த வெள்ளைக்காரத் தம்பதி அவர் முன்னால் கூடி நின்றார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். ஏதோ ஆடப்போகிறார், பாடப்போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, சொம்பில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு நடந்தார்கள். ஐயா வெறுங்காலோடு கல்படிகளில் ஓடிப்போய் அதை அவர்கள் கையில் திணித்துவிட்டு வந்தார். "அரிசி! அரிசி!" என்று தமிழிலேயே கத்தினார். அந்த அம்மா பயந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படகின் சங்கு ஊதியது. ஐயா ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் என்னத் தெரியலியே, ஏழுமல" என்றார்.

சேவியர் சார் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். தெரியாதவன் வாசலில் நிற்பதற்குத்தானே பிச்சை என்று பெயர்? அதை அவரிடம் யார் சொல்வது? வருடா வருடம் அவர் அரிசியை அவருக்கே பொங்கிப் போட்டவன் நான். எனக்கு என்ன யோக்கியதை?

படகு அங்கிருந்து போரோஸ் தீவுக்குக் கிளம்பியதும் மதியச் சாப்பாடு ஆரம்பமாயிற்று. எங்கள் ஆட்கள் உருளைக்கிழங்கும் சாலடுமாகத் தட்டை நிரப்பிக்கொண்டு, பொடி கேட்டு என்னைத் தேடினார்கள். சரோஜா அம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

சேவியர் சார் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் குந்தினார். "அம்மா, ஒரு வாய் சீனி. சாமி கோச்சிக்க மாட்டாரு."

"உங்க சாமி கோச்சிக்க மாட்டாரு தம்பி. எங்களுது கொஞ்சம் கணக்குப் பாக்கும்."

"சரோஜா, போட்டுக்கடி" என்றார் ஐயா.

"நீங்கதான வேண்டிகினீங்க? நானா வேண்டிகினேன்? என் உசுரக் குடுன்னு கேட்டுட்டு, இப்ப சீனி போதும்னு பேரம் பேசுறீங்களா?"

சேவியர் சார் எழுந்து ஐயாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "ஐயா, தங்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் கொஞ்ச நேரம்தான் பார்ப்பேன். அதற்குப் பிறகு அம்மா வாயைத் திறந்து நானே கொட்டிவிடுவேன். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும், கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்."

ஐயா சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லா மேசையிலும் கோழியும் மீனும். பிறகு, பரிமாறுகிற பையன்கள் போய்வந்து கொண்டிருந்த ஆடும் கதவைப் பார்த்தார்.

"அது இன்னா, அடுப்படியா?"

"ஆமா" என்றார் சேவியர் சார். "அங்க போவக் கூடாதுங்க ஐயா. கேப்டன் பாத்தா போலீஸ்ல சொல்லிடுவாரு. நம்ம முப்பது பேர் விசாவும்…"

"உள்ள போவல. வாசல்லதான நிக்கணும்?"

நின்றார். நாங்களும் பின்னால் நின்றோம். தட்டு தூக்கும் பையன் ஒருவன் கதவைக் கம்பி போட்டுத் திறந்து வைத்தான். தரையில் மஞ்சள் கோடு. அதைத் தாண்டி வேலைக்காரர்கள் மட்டும்தான். உள்ளே புகைபோக்கி விசிறி இரைந்தது. நடுவில் ஒரு அம்மா, ஐம்பது வயசிருக்கும், கனத்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, பெரிய சட்டியைக் கழுவித் தள்ளிக்கொண்டே இரண்டு பேரை அதட்டிக்கொண்டிருந்தார். எலேனி என்று சட்டையில் எழுதியிருந்ததாக சேவியர் சார் சொன்னார்.

"கோவிந்தா" என்றார் ஐயா. விசிறிச் சத்தத்தில் அவருக்கே கேட்டிருக்காது.

அந்த அம்மா திரும்பினார். பார்த்தார். "வெயிட், வெயிட்" என்று கையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பலராமன் ஐயாவை யாரும் காத்திருக்கச் சொல்லி நான் பார்த்ததில்லை. கரும்பு எடைபோடும் இடத்திலும் சரி, வங்கியிலும் சரி, அவர் போனால் நாற்காலி வரும். இங்கே எச்சில் தட்டு அடுக்கிக்கொண்டு போகும் பையன்கள் அவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டுப் போனார்கள். சாம்பார் மாதிரி ஏதோ ஒன்று அவர் பஞ்சகச்சத்தில் தெறித்தது. சுவரோடு ஒட்டி நின்றார். சொம்பை மட்டும் இறக்கவில்லை. திரும்பித் திரும்பி அம்மாள் உட்கார்ந்திருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு வயிற்றிலிருந்து எடுத்து ஒரு குரல் விட்டார் பாருங்கள். "கோவிந்தா!" குருவிநத்தம் ஆற்றங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். தட்டு ஒன்று கீழே விழுந்து உடைந்தது. அந்த அம்மா கரண்டியோடு வேகமாக வந்து மஞ்சள் கோட்டில் நின்றார். நாமத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. நேரே முகத்தைப் பார்த்தார். "ஹங்க்ரி?" என்றார்.

"பசிக்குதான்னு கேக்குறாங்க ஐயா" என்றார் சேவியர் சார்.

ஐயாவின் மீசை துடித்தது. "பசியா? எனக்கா? நான் ஆருன்னு சொல்லு…" என்று ஆரம்பித்தவர், ஜன்னலைப் பார்த்தார். அம்மாளின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. ஐயா வாயை மூடிக்கொண்டார். தரையைப் பார்த்து, "ஆமான்னு சொல்லு" என்றார்.

சேவியர் சார் சொன்னார். அந்த அம்மா உடனே ஒரு தட்டு நிறையக் கோழி வைத்துக்கொண்டு வந்து நீட்டினார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினோம். பசி என்று வந்து சோற்றை வேண்டாம் என்கிறார்களே என்று அவருக்குக் கோபம். சேவியர் சார் ஜன்னலைக் காட்டினார், நெஞ்சைக் காட்டினார், தன் ஜெபமாலையைக் காட்டினார், மேலே காட்டினார், "ரைஸ், ரைஸ், ஒன்லி ரைஸ்" என்று கெஞ்சினார். எது புரிந்ததோ. அந்த அம்மா ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மூட்டையிலிருந்து கை நிறைய அரிசி அள்ளிக்கொண்டு வந்து, சொம்பில் போட்டார். வேர்வை படிந்த கை. குட்டையான, உருண்டை அரிசி. நம் பச்சரிசியின் கால் தூசி பெறாது என்று ஐயா வேறு நாளில் சொல்லியிருப்பார். அன்றைக்குச் சொம்பை இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்தது என் வேலை. கோட்டைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. அடுப்பு அங்கே, நான் இங்கே. கைஜாடையாலேயே சமைத்தேன் என்று சொல்ல வேண்டும். புதுப் பாத்திரம் என்று காட்டினேன், எடுத்தார். கோழி வெந்த தண்ணீரை மொள்ளப் போனார், பதறித் தடுத்தேன், குழாயைக் காட்டினேன். என் நெய்யைக் கொடுத்தேன். குழைய வேண்டும் என்று விரலால் நசுக்கிக் காட்டினேன். எல்லாம் புரிந்துகொண்டார். அடுப்புத் தெரிந்தவருக்கு அடுப்புத் தெரிந்தவர் பேச்சு எந்த நாட்டிலும் புரிகிறது. சோறு கொதித்து மேலே வந்தபோது நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தால், அந்த அம்மா ஒரு கரண்டி எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் கையை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. முகத்தைச் சுளித்தார். உப்பு ஒரு சிட்டிகை போட்டார். பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். மறுபடி ருசி பார்த்தார். அதே கரண்டியால். தலையை ஆட்டிக்கொண்டு, சின்னப் பாத்திரத்தில் கொட்டி, சிரித்த முகத்தோடு என் கையில் கொடுத்தார்.

ஐயா அம்மாளிடம் ஓடியிருந்தார், அவர் பார்க்கவில்லை. சேவியர் சார் பார்த்துவிட்டார். என் முகத்தையும் பார்த்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர் அவர்களே, தாங்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்" என்றார்.

"சார், சாமி காரியம்."

"சரோஜா அம்மாவோட உசுரு எந்தக் காரியம்?"

பாத்திரம் சுட்டது. நான் சொன்னால், இது எச்சில் என்று அம்மாள் தள்ளிவிடலாம். சொல்லாவிட்டால், என் கையால் பெருமாளுக்கு எச்சில் படைக்கிறேன். நடந்துகொண்டே, 'நீ பார்த்துக்கொள்' என்று அவரிடமே விட்டேன். ஆனால் நாக்கு என்னுடையதுதானே? அம்மாள் முன்னால் பாத்திரத்தை வைத்ததும் சொல்லிவிட்டேன். "ஐயா, அந்தம்மா ருசி பாத்துட்டாங்கோ. ரெண்டு தரம்."

சேவியர் சார் கண்ணை மூடிக்கொண்டார். சர்க்கரைப் பொட்டலம் கையில் தயாராக இருந்தது.

சரோஜா அம்மாளுக்குப் பேசத் தெம்பில்லை. புருஷனைப் பார்த்தார். வேண்டினவர் அவர்தானே?

ஐயா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதே மனிதர் ஒருமுறை, படையல் பொங்கலை ஒரு குழந்தை தொட்டுவிட்டது என்று மொத்த அண்டாவையும் மாட்டுக்குக் கொட்டச் சொன்னவர். நானே கொட்டியிருக்கிறேன். இப்போது அவர் வாய் திறந்தார். "போட்டா வாங்கிகினு போறதுதான் பிச்சைக்காரன் வேல. ருசி பாக்காம போடுன்னு கண்டிசன் போட நான் இன்னா மொதலாளியா?"

மடியிலிருந்து பெருமாள் படத்தை எடுத்து ஜன்னலில் சாய்த்து வைத்தார். காய்ந்த துளசியைக் கிள்ளிச் சோற்றில் போட்டார். "கோவிந்தா" என்று மெதுவாகத்தான் சொன்னார். எங்கள் ஆட்கள் முப்பது பேரும் தட்டை வைத்துவிட்டு எழுந்து, "கோவிந்தா! கோவிந்தா!" என்று முழங்கினார்கள். யாரோ கடலில் விழுந்துவிட்டார்கள் என்று இரண்டு மாலுமிகள் மிதவை வளையத்தோடு ஓடிவந்தார்கள். சேவியர் சார் குடையைக் குறுக்கே நீட்டி, "நோ பிராப்ளம், பிரேயர், பிரேயர்" என்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஐயா தன் கையால் முதல் உருண்டையை அம்மாள் வாயில் வைத்தார். அடுத்தது. அதற்கு அடுத்தது. திரும்பி வந்த சேவியர் சார் சர்க்கரைப் பொட்டலத்தையும் கொட்டினார்; இப்போது தடை ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அம்மாள் நாக்கால் உதட்டைத் துழாவினார்.

"தம்பி, உப்பு சரியா இருக்குப்பா" என்றார். "நம்மூருப் பொங்கல்ல ஒரு வருசம் தூக்கலா இருக்கும், ஒரு வருசம் சப்புனு இருக்கும். நான் வாயத் தொறக்கறதில்ல."

என் வாழ்நாளில் என் சமையலைப் பற்றி இதைவிட நேரான அபிப்பிராயம் நான் கேட்டதில்லை.

போரோஸ் தீவு எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். படகு அங்கே நின்றபோது நான் எலேனி அம்மாவின் பாத்திரத்தைக் கழுவி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏஜினாவில் எங்கள் ஆட்கள் பிஸ்தாப் பருப்பு வாங்கினார்கள். ஐயா அங்கேயும் வெறுங்காலோடுதான் நடந்தார். செருப்பு ஓட்டலில் இருந்தது.

மறு வருடம் புரட்டாசியில் ஐயா வீட்டிலிருந்து யார் வீட்டுக்கும் அரிசி போகவில்லை. மேளக்காரருக்குச் சொல்லியனுப்பவில்லை. அவர் தனியாக பஸ் பிடித்து, தன்னை யாருக்கும் தெரியாத காட்டேரிக்குப்பம் போய்விட்டு, மதியம் வந்தார். சொம்பில் மூன்று விதமான அரிசி, பாதி ரேஷன். "ரெண்டு வூட்ல போயிட்டு வான்னுட்டாங்கோ, ஏழுமல" என்றார், ஏதோ பரிசு வாங்கிய மாதிரி. உடனே குறையும் சொன்னார். "ஆனா ஒருத்தியாவது பசிக்குதான்னு கேட்டாளா? கேக்கல பாரு." மற்றபடி அவர் மாறிவிட்டார் என்று நான் எழுதினால் சரோஜா அம்மாள் என்னை விடமாட்டார். கரும்பு எடைபோடும் இடத்தில் இன்றைக்கும் அதே குரல்தான், நாற்காலியும் வந்தாக வேண்டும்.

எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அன்று கப்பலில் இருந்தவர்கள் முப்பது பேரும் ஊரில் இதை முப்பது விதமாகச் சொல்லிவிட்டார்கள். பெருமாள் முந்தின ராத்திரி அந்தச் சமையல்கார அம்மா கனவில் வந்து அரிசி எடுத்து வை என்றாராம். அவர் குளித்து, ஈரத்துணியோடு சமைத்தாராம். பொங்கல் வாசனைக்குக் கப்பலே நின்றதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாக் கதையிலும் ருசி பார்த்ததை மட்டும் விட்டுவிடுகிறார்கள், சாமி விஷயத்தில் அது அழகில்லை என்று. படிக்கிற நீங்கள் யாருக்காவது இதை அனுப்பினால் இப்படியே அனுப்புங்கள். கனவு சேர்க்க வேண்டாம். அந்த அம்மா பெயர் எலேனி. குளித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் இரண்டு தரம் ருசி பார்த்தார், உப்புப் போட்டார், எலுமிச்சம்பழம் பிழிந்தார். அதைத்தான் பெருமாளுக்குக் காட்டினோம். அதைச் சாப்பிட்டுத்தான் சரோஜா அம்மாள் எழுந்து உட்கார்ந்தார்.